சொல்லின் மூட்டும் வரியின் முறிவும்

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில், ஆன்மிகச் சொற்பொழிவு ஒன்றிற்கான துண்டறிக்கை ஜாலஹள்ளியிலுள்ள எங்கள் வீட்டு வாயிலில் கிடந்தது. பதினோராண்டு நிரம்பிய என் மகள் அதனை எடுத்து உரக்கப் படித்தாள். பள்ளியில் அவளுக்குக் கன்னடமே முதன்மொழி. தமிழ், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றது. படித்து முடித்தவள், "அப்பா, முருகனுக்குக் காற்றுப்படைகூட இருந்ததா?" என்று வினவினாள். வாங்கிப் பார்த்தேன். மேல்வரியின் இறுதியில் ‘திருமுரு’ என்றும், கீழ்வரியின் தொடக்கத்தில் ‘காற்றுப்படை’ என்றும் அச்சாகியிருந்தது. இடையில் இணைகோடும் இல்லை.

வான்படைத் தளத்தை அடுத்து வளரும் குழந்தை அவள். சாலையோரப் பலகைகளில் ‘வாயுபடெ’ என்னும் கன்னடச் சொல்லைக் கண்டு பழகியவள். எலகங்காவில் நடைபெறும் வானூர்திக் காட்சியைத் தோளில் அமர்ந்து பார்த்தவள். வாயு என்பது காற்று, படெ என்பது படை எனின், காற்றுப்படை என்பது வாயுபடெயன்றி வேறு யாது? அவள் செய்த பிரிப்பில் தருக்கப் பிழை ஒன்றும் இல்லை. வீட்டார் அனைவரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆயினும் அன்றைக்குப்பின் நீண்ட தமிழ்ச்சொல் எதிர்ப்படும்போதெல்லாம் அதனை என்னிடம் நீட்டிவிட்டு ஒதுங்கத் தொடங்கினாள். அதனைக் கண்டபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யான் புலவனல்லேன், நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலங்கழிப்பவன். இளங்கலை வகுப்பில் பயின்ற தமிழ்ப்பாடத்திற்கு மேல் எனக்குத் தகுதியும் இல்லை. எனினும், நீண்ட சொல்லை எங்கே பிரிப்பது என்பது புலவர் பெருமக்களுக்கு மட்டும் உரிய சிக்கலாகத் தோன்றவில்லை. தமிழ்நாட்டிற்கு வெளியே தமிழ் படிக்கும் ஒவ்வொரு குழந்தையும் நாள்தோறும் மோதிக்கொள்ளும் கல் அது.

நெடுஞ்சொல்லைச் செவியும் வெட்டும், பொருளும் வெட்டும். செவி வெட்டும் அலகினை நம் முன்னோர் அசை என்றனர். குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேர்; குறிலை முன்னிட்டு இரண்டெழுத்து இணைந்தும், இணைந்தபின் ஒற்றடுத்தும் வருவது நிரை. இவ்வமைப்பில் மறவாமற் கொள்ளத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. புள்ளி பெற்ற எழுத்து எப்போதும் தனக்கு முன்னுள்ள எழுத்தையே சாரும். அசையின் தலையில் அது நில்லாது. இதன்படி திருமுருகாற்றுப்படை என்பது திரு, முரு, காற், றுப், படை என ஐந்து அசையாகும். பொருள் வெட்டினாலோ திரு, முருகு, ஆற்றுப்படை என மூன்றே உறுப்பு. செவியின் வெட்டு ‘முரு’வுக்கும் ‘காற்’றுக்கும் நடுவே விழுகின்றது. துண்டறிக்கையை அச்சிட்டவர் அறிந்தோ அறியாமலோ யாப்பு நெறி வழுவாமலே முறித்திருக்கிறார்! இலக்கணம் பிழையாத முறிவே பொருளைச் சிதைத்தது என்பதுதான் ஈண்டு நாம் கருதற்குரியது.

யாப்பில் இவ்வாறு சீருக்காகச் சொல் பிளவுபடுவதற்கு வகையுளி என்று பெயரே உண்டு. பாட்டில் ஓசை அரசி. அவள் ஆணைக்குச் சொல் உடல் வளைந்து கொடுப்பது குற்றமன்று. பாட்டை வாய்விட்டு ஓதுங்கால் பிளந்த சொல் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. அச்சிட்ட உரைநடைக்கு அவ்வசதி இல்லை. கண் வரியிறுதியில் ஒருகணம் நின்று, கீழிறங்கி, இடப்புறம் தேடிச் செல்கிறது. அந்த ஒருகணத்தில் மனம் தனக்குத் தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொள்கிறது.

ஓலைச்சுவடியில் சொல்லிடைவெளி இல்லை, புள்ளியும் இல்லை, ஓலை முடிந்த இடமே வரி முடிந்த இடம். ஆயினும் அதனைப் படித்தவர் ஆசிரியர் மருங்கிருந்து பாடம் கேட்டவர். நெஞ்சில் ஏறியிருந்த செய்யுளுக்குச் சுவடி ஒரு நினைவுக்குறிப்பே. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் அச்சேற்றியபோது, சுவடியில் தொடர்ந்து ஓடிய எழுத்துகளில் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காண்பதே பெரும்பாடாக இருந்திருக்கும் என்பதைச் சுவடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்த எவரும் உணர்வர். பின்னர் 1950களின் பிற்பகுதியில், மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்துச் சங்க நூல்களையும் பிறவற்றையும் மலிவு விலையில் வெளியிட்டன. புலவர் சிலர்க்கு அது உடன்பாடாக இல்லாதிருக்கலாம். என் போன்றோர் சங்கப்பாட்டுள் நுழைந்தது அந்த வாயில் வழியாகத்தான், அந்நன்றியை மறக்கவியலாது.

பெங்களூரில் இச்சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. கன்னட எழுத்தில் ஒற்று தனித்து நிற்பது அரிது. ‘அக்க’ என்று எழுதுங்கால் இரண்டாம் ககரம் முதற் ககரத்தின் அடியில் ஒத்தக்ஷரமாகத் தொங்கும். கண்ணுக்கு அது ‘அ’ ஒன்று, ‘க்க’ ஒன்று. நமக்கோ ‘அக்’ ஒன்று, ‘கா’ ஒன்று. வாய் ஒலிப்பதில் இரு மொழியாருக்கும் வேற்றுமை இல்லை; எழுதும் கட்டில்தான் வேற்றுமை. இந்நகரின் அச்சகங்களில் தமிழை வீட்டில் பேசாத தோழர்களும் தமிழ்ப் பக்கங்களைக் கணிப்பொறியில் கோத்துத் தருகின்றனர். அவர்கள் கண்ணுக்கு ‘ப்ப’ என்பது பிரிக்கவொண்ணா ஒரே எழுத்து. ஆதலின் ‘முருகாற்று’ என மேலேயும் ‘ப்படை’ எனக் கீழேயும் முறிப்பது அவர்களுக்கு மிக இயல்பு. வேற்றுமொழியில் உழைத்துத் தருபவரைக் குறைகூற நான் முன்வரேன். ஒப்பு நோக்கும் தமிழர் என்ன செய்துகொண்டிருந்தனர் என்று மட்டும் கேட்பேன். வரியின் தலையில் புள்ளியெழுத்து நிற்பது செவிக்கும் பொருந்தாது, பொருளுக்கும் பொருந்தாது. தமிழ் மரபில் அதற்கு இடமே இல்லை.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1980களில் இலங்கையிலிருந்து ஏதிலியராக டென்மார்க்கு சென்று குடியேறிய தமிழர் பல்லாயிரவர். அவர்தம் பிள்ளைகள் வாரநாளில் டேனிஷ் மொழியும் வார இறுதியில் தமிழும் படிக்கின்றனர். அந்நாட்டோடு நமக்குத் தொடர்பு அப்போதுதான் தோன்றியது என்பதற்கில்லை. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620இல் இசைவளித்ததால் தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பியவர் டேனியர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அவ்வூர் அவர்கள் கையில் இருந்தது. டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பெற்று 1706இல் அங்கு வந்திறங்கிய செர்மானியர் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்தில்தான் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாயிற்று.

டேனிஷ் மொழி தொகைச்சொற்களை இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதும். சிறப்பு மருத்துவர்தம் தொழிற்பணிகளைத் திட்டமிடுவதை நிலைப்படுத்தும் காலம் என்பதனை அவர்கள் 51 எழுத்துகள் கொண்ட ஒற்றைச் சொல்லாக எழுதிவிடுவர். அம்மொழியின் மிக நீண்ட சொற்களுள் ஒன்றாக அதனைச் சுட்டுவது வழக்கம். அலுவலகத் தொடரைச் சொல்லாக்கும் ஆசை எழுத்தர்களுக்கு எந்நாட்டிலும் உண்டு போலும்! நமக்குப் பயன்படுவது அச்சொல்லின் நீளமன்று. அதனை வரியிறுதியில் முறிக்க அவர்கள் வகுத்துள்ள ஒழுங்கே. தொகைச்சொல்லாயின் முதலில் உறுப்புகள் கூடும் மூட்டில் முறிக்கவேண்டும். மூட்டு எட்டாத இடத்தில்தான் அசை நோக்கி முறிக்கவேண்டும். பொருளுக்கு முதலிடம், செவிக்கு அடுத்த இடம்.

அவர்களுடைய மூட்டுகளில் நம் சாரியை போன்ற இணைப்பெழுத்தும் வரும். ‘லன்மன்’ என்றால் உழவர். நடுவே ஒரு சகர ஒலியை நுழைத்து ‘லன்ஸ்மன்’ என்றால் தம் நாட்டவர். ஓரொலி வந்ததும் உழவர் ஊர்க்காரராகி விடுகிறார். நமக்கு இது புதிதன்று. வெற்றிலைபாக்கு என ஒற்று மிகாது நின்றால் வெற்றிலையும் பாக்கும்; வெற்றிலைப்பாக்கு என மிகுந்தால் வெற்றிலைக்குரிய பாக்கு. தந்த பலகை ஒருவர் கொடுத்தது. தந்தப்பலகை யானைக் கொம்பினால் ஆயது. மருந்து கடை என்றால் அரைக்கும் பணி. மருந்துக்கடை என்றால் அங்காடி. இடைவெளியும் அங்ஙனமே. ‘டான்ஸ்க்’ என்றும் ‘லேரர்’ என்றும் பிரித்தெழுதினால் டேனிஷ்காரராகிய ஆசிரியர். சேர்த்தெழுதினால் டேனிஷ் மொழி கற்பிக்கும் ஆசிரியர். தமிழாசிரியர் என்பதற்கும் தமிழ் ஆசிரியர் என்பதற்கும் இவ்வேறுபாட்டை நாமும் போற்றினால் என்ன? ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கும் தமிழரைத் ‘தமிழ் ஆசிரியர்’ என்று விழா அழைப்பிதழில் கண்டு, பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைத் தமிழ் கற்க அவரிடம் அனுப்ப முனைந்ததை நானறிவேன். அவர் நல்ல மனிதர். மறுக்கமாட்டாமல் இரண்டு கிழமை கற்பித்தும் விட்டார்.

அவர்தம் ஒழுங்கினை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளக்கூடுமோ? கூடாது, காரணம் நம் எழுத்தமைப்பிலேயே உள்ளது. டேனிஷ் சொற்கள் கூடும்போது மூட்டு பெரும்பாலும் வெளியே தெரியும். செங்கலும் செங்கலும் அடுக்கினாற்போல. தமிழில் புணர்ச்சி நிகழ்கின்றது. முருகு என்னும் சொல்லின் ஈற்றுகரம் கெட்டு, எஞ்சிய ககரமெய்யின்மீது ஆற்றுப்படையின் ஆகாரம் ஏறிக் ‘கா’ என்னும் ஓரெழுத்தாயிற்று. அவ்வெழுத்தில் மெய் முருகனுடையது; உயிர் ஆற்றுப்படையினுடையது. மூட்டு ஓர் உயிர்மெய்யின் வயிற்றுக்குள் மறைந்துகிடக்கிறது. உலகின் எந்த அச்சுக்கோப்பாளரும் அதனை அங்கே முறிக்கவியலாது.

ஆனால் அச்சொல்லில் மறையாத மூட்டுகளும் உள. ‘திரு’ என மேல்வரியில் நிறுத்தி ‘முருகாற்றுப்படை’ எனக் கீழே கொண்டுசெல்லலாம். ‘திருமுருகாற்றுப்’ என நிறுத்திப் ‘படை’ எனவும் கொண்டுசெல்லலாம். இரண்டிடத்தும் செவியின் வெட்டும் பொருளின் வெட்டும் ஒன்றாகவே விழுகின்றன. பொருள்நிலையில் முன்னதே சிறந்தது. இவ்விரண்டும் இருக்க, இருவெட்டும் முரணும் இடத்தையே தேடிப்பிடித்தாற்போல் முறித்ததுதான் அத்துண்டறிக்கையின் பிழை. நெடுஞ்சொற்கள் பெரும்பாலானவற்றில், இருவெட்டும் இயையும் இடம் ஒன்றேனும் கிடைக்கும் என்பது என் அனுபவம். அதே நக்கீரர் பெயரால் வழங்கும் நெடுநல்வாடையைக் காண்க. நெடு, நல், வாடை என மூட்டுகள் வெளிப்படையாக உள்ளன. பிரிவாற்றாத அரசிக்குப் பொழுது நீண்டமையின் நெடுவாடை; பாசறையில் கடமையாற்றும் அரசனுக்கு நன்மையாய் முடிந்தமையின் நல்வாடை என உரை கூறுவர். ஒரே காற்று இருவர்க்கும் இருவேறாய் வீசுவதை இரண்டு சிறு அடைமொழிகள் தாங்கி நிற்கின்றன. ‘நெடுந’ என்றும் ‘ல்வாடை’ என்றும் முறிந்த ஒரு பக்கத்தை அண்மையில் கண்டேன். அங்கே நன்மையும் முறிந்தது.

மூட்டைக் கண்டுவிட்டால் பொருள் முற்றும் விளங்கிவிடும் என்று கருதுவதும் தவறு. பொருநராற்றுப்படை பொருநரை ஆற்றுப்படுத்துவது. சிறுபாணாற்றுப்படை பாணரை ஆற்றுப்படுத்துவது. முருகாற்றுப்படையோ முருகனை ஆற்றுப்படுத்துவதன்று, முருகனிடத்து ஆற்றுப்படுத்துவது. மூட்டு ஒன்றுபோலவே உள்ளது. மறைந்துநிற்கும் உறவு வேறு. நன்னூலார் தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்றார். மரவேலி என்பதற்கு உரைகாரர் ஆறு பொருள் விரிப்பர்: மரத்தைக் காக்கும் வேலியும், மரத்தாலாகிய வேலியும், மரமே ஆகிய வேலியும் அவற்றுட் சில. குறளின் முதலதிகாரத்து ‘அறவாழி’யும் அத்தகையதே. அறமாகிய கடல் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். ஆழி என்பதனைச் சக்கரமாகக் கொண்டு அறச்சக்கரம் என்பாரும் உளர் என அவரே குறித்தார். இங்ஙனம் மயங்குவது மொழியின் செல்வம். ‘அற’ என்று ஒரு வரியிலும் ‘வாழி’ என்று அடுத்த வரியிலும் முறித்து, அறத்திற்கு வாழ்த்துக் கூறுவதுபோல் ஆக்குவது செல்வமன்று. அச்சுக்கூடத்தில் விளைந்த வறுமை.

அலுவலகத் தமிழுக்கு வருவோம். மாதந்தோறும் எங்கள் ஊதியத்தில் ஒரு பகுதியாய் வரும் அகவிலைப்படியை வேண்டாதார் யாருமில்லை. அச்சொல்லைப் பிரிக்கத் தெரிந்தார் எத்துணையர்? தமிழறிந்த நண்பர் ஒருவர், அது ‘உள்ளிருக்கும் விலையின்படி’ என்று எனக்கு விளக்கம் சொன்னார். அகம் என்பதற்குத் தானியம் என்றும் பொருளுண்டு. அகவிலை தானிய விலை. அவ்விலை ஏற்றத்தை ஈடுசெய்யத் தரும் படி அகவிலைப்படி. உணவுப்பொருள் விலைக்கும் கூலிக்கும் உள்ள பழைய உறவை ஒரு தொகைச்சொல் பொதிந்து வைத்திருக்கிறது. கன்னட நண்பர்கள் இதனைத் துட்டிபத்யெ என்பர். துட்டி என்றால் விலையேறியது. இரண்டும் ஒரே பொருளை இருவேறு சன்னல் வழியே நோக்குகின்றன. அக, விலைப், படி என இச்சொல்லில் மூன்று உறுப்பும் மூன்று நிரையசையாய் அமைந்து, செவியும் பொருளும் கைகோத்துச் செல்கின்றன. ஆயினும் ‘அகவி’ என மேலேயும் ‘லைப்படி’ எனக் கீழேயும் முறிந்த அறிவிப்பை நான் கண்டதுண்டு.

எல்லாவற்றையும் இடைவெளி விட்டு எழுதிவிட்டால் குழந்தைகளுக்கு எளிதாகுமே என்று எங்கள் வகுப்பாசிரியை ஒருவர் கூறினார். அவர் அக்கறையை மதிக்கிறேன், முழுவதும் உடன்படமாட்டேன். மூன்று நான்கு உறுப்புள்ள பெயர்த்தொகையை ஒரு மூட்டில் இடைவெளி விட்டு எழுதுவதால் கேடில்லை. வினைத்தொகையை அவ்வாறு பிரித்தல் ஆகாது. ஊறுகாய், சுடுகாடு, குடிநீர் ஆகியவை முக்காலமும் உள்ளடக்கி ஒருசொல்லாய் நிற்பவை. மண்டபம் ஒன்றின் குழாயருகே ‘குடி நீர்’ என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தது. என் மகள் அதனை, ‘நீர் குடியும்’ என்று பெரியவர் ஒருவருக்குச் சொல்லும் உபசாரமாகவே எடுத்துக்கொண்டாள். இம்முறை அவள் வேண்டுமென்றே அவ்வாறு படித்தாள் என ஐயுறுகிறேன்.

ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. சில திங்களாக ஞாயிறுதோறும் வகுப்பு முடிந்தபின், அவளும் நானும் ஒரு விளையாட்டு ஆடுகிறோம். நெடுஞ்சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலில் கைதட்டி அசை பிரிப்பாள். பின் பென்சிலால் மூட்டுகளில் கோடிடுவாள். தட்டும் கோடும் ஒன்றுபடும் இடத்தில் சிறு வட்டம். மலைபடுகடாம் என்பதில் வட்டம் உடனே விழுந்தது. திருமுருகாற்றுப்படையை அவளே கேட்டு வாங்கினாள். ‘கா’ என்னும் எழுத்தின்மீது பென்சிலை நெடுநேரம் வைத்திருந்து, "இது இரண்டு பேருக்கும் சொந்தமா அப்பா?" என்றாள். ஆம் என்றேன். அதன்மீது வட்டமிடாது, காலினின்று ககரத்தைப் பிரிப்பதுபோல் ஒரு மெல்லிய புள்ளிக்கோடு போட்டுவைத்தாள்.

இம்மலருக்கென இக்கட்டுரையின் அச்சுப்படி திருத்தத்திற்கு வந்தபோது, அவளும் உடனிருந்தாள். முதற்பக்கத்தின் நான்காம் வரி ‘தொகைச்சொ’ என முடிந்து, ஐந்தாம் வரி ‘ற்கள்’ எனத் தொடங்கியிருந்தது. சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ‘தொகைச்’ எனக் குறித்து அனுப்பியிருக்கிறேன். மலர் வெளிவந்தபின் முதலில் அந்த வரியைத்தான் பார்க்கவேண்டும் என்று அவள் சொல்லிவைத்திருக்கிறாள்.